தெரிந்தே சொன்ன ஜெபம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவருடைய தயவால் நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். உடம்புக்கு என்று குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன், மற்றதைப் போகப் போகச் சொல்கிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, டாக்டர் கொடுத்த பட்டையை வெளியே போகும்போது மட்டும் கட்டிக்கொள்கிறாள், மாடிப்படி ஏறும்போது கட்டு என்றால் கேட்பதில்லை, வலி வருவதே படியில்தான். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வீட்டின் பின்பக்கம் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து சமையலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, சபைச் செயலரிடம் சொன்னேன், அடுத்த போதகர் குடிவர்றதுக்குள்ள மொத்தமா செஞ்சிடலாம் ஐயா என்றார், அதாவது நாங்கள் இருக்கும்வரை நனைந்துகொள்ள வேண்டியதுதான். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அல்லவா, எதையும் தேதிக்கு முன்னால் பட்டுவாடா செய்ய மாட்டார். நான் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் முப்பத்தொரு வருட ஊழியத்துக்கு ஒரு மலர் போடப் போகிறார்களாம், வீடு வீடாகப் போய் என்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறார். நீயும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று உனக்குச் செய்தி அனுப்பியிருப்பார். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை எதுவும் எழுதாதே.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா ஏன் சரியாகப் பேசவில்லை, உங்களுக்குள் சண்டையா என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். சண்டை இல்லை, சண்டை போட இரண்டு பேர் வாயைத் திறக்க வேண்டும். அம்மா என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள், மாத்திரையைப் பிரித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள், என் சட்டையைத் தேய்த்து மாட்டுகிறாள், ஒரு வார்த்தை கிடையாது. குற்றம் என்னுடையது. அதை உனக்குச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே பரவாயில்லப்பா, விடுங்கப்பா என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதோடு நீ கேட்ட விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஒன்பது சபைகளுக்குத் தலைமைப் பொறுப்பை உன்னிடம் கொடுக்கிறார்கள், பொறுப்பேற்கும் நாளில் மற்றப் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் முன்னால் தலைவர்களுக்குக் கிறிஸ்துவுக்குள் கிடைக்கும் உண்மையான விடுதலை என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள், நீங்க அதுல நாற்பது பிரசங்கமாவது பண்ணியிருப்பீங்கப்பா, குறிப்பு இருந்தா அனுப்புங்க என்று எழுதியிருந்தாய். அலமாரியைக் குடைந்து பார்த்தேன், நாற்பத்து மூன்று இருந்தது. எல்லாவற்றிலும் மும்மூன்று தலைப்பு, மூன்று இல்லாமல் எனக்கு வணக்கம் சொல்லக்கூட வராது என்று நீ கேலி செய்வாயே அதேதான். உனக்காகப் புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். தலைவன் மனிதருக்குப் பயப்படுவதிலிருந்து விடுதலை பெற்றவன் என்று முதல் வரி எழுதினேன், அந்தச் சமயத்தில்தான் கீழ் வீட்டு நர்ஸ் வந்து வாசலில் நின்றாள்.

தையல்காரம்மா இறந்துவிட்டார், உனக்குத் தெரிந்திருக்கும், சுருட்டை உனக்குச் சொல்லாமல் இருக்க மாட்டாள். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், தெரிந்த கதையானாலும் பொறுத்துக்கொள். கடைத்தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள், அவர் புருஷன் பஸ் டிரைவர். கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல், வெளியூரில் ஒரு விடுதியிலிருந்து இரண்டு மாதக் குழந்தையை எடுத்து வந்தார்கள். அப்போது அவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள், இங்கே வந்தபோது கையில் குழந்தையோடு வந்ததால் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தது அவர்கள் இரண்டு பேருக்கும், பிறகு அவர்களே சொல்லி எனக்கும் மட்டும். அந்தக் குழந்தைதான் சுருட்டை, அந்த முடிக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும். நீயும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பாய், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் பள்ளிக்கூடம் போக மாட்டாள். பிள்ளைக்கு ஒன்பது வயதாகும்போது டிரைவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஒருநாள் தையல்காரம்மா என்னிடம் வந்து, நான் தனி ஆளாயிட்டேன் ஐயா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவகிட்ட யாரு சொல்லுவா, சொல்லாமலும் இருக்க முடியாது, சொல்லவும் வாய் வரல, எனக்காக ஜெபம் பண்ணுங்க என்றார். உடனே சொல்லிவிடுங்கள் என்றேன். உண்மை தெரிந்தால்தான் பிள்ளைக்கு விடுதலை என்று வசனம் காட்டிப் பேசினேன். பன்னிரண்டு வயசு முடியட்டும், லீவுல அவளும் நானும் மட்டும் எங்கயாவது போறப்போ நானே சொல்றேன் என்றார். நான் மூன்று தடவை நாள் குறித்துக் கொடுத்தேன், மூன்றையும் தள்ளிவிட்டார். இரண்டு வருடம் இப்படியே போனது.

என் சட்டைப் பையில் இருக்குமே நீல அட்டை நோட்டு, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க ஆட்கள் என்னைத் தெருவில் நிறுத்துவார்கள், பஸ் நிற்கும் இடத்தில் பிடிப்பார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி வருவார்கள், அவரவர் பாரத்தைச் சொல்வார்கள், நான் பெயரை எழுதி எதிரே ஒரு வரியில் விஷயத்தை எழுதிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி உரக்க ஜெபிப்பேன். முப்பது பெயர் இருக்கும், சில வாரம் நாற்பது. சனங்கள் பிரசங்கத்துக்குத் தூங்கினாலும் அதற்கு விழித்துக்கொள்வார்கள். ஐயா வாயால பேர் வந்தா காரியம் நடக்கும் என்று ஒரு பேச்சு, அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பேன், உள்ளுக்குள் இனிக்கும். யார் பெயராவது விட்டுப்போனால் அடுத்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சபையில் சொல்லக் கூடாத விஷயமும் வரும் அல்லவா, அந்தப் பெயருக்கு அடியில் ஒரு கோடு போட்டு வைப்பேன். கோடு போட்டிருந்தால் அது என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க வேண்டியது. தையல்காரம்மா பெயர் இரண்டு வருடமும் கோட்டோடுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கும் பதினோரு வயது. பதினெட்டோ பத்தொன்பதோ பெயர் முடிந்ததும் நான் அவர் பெயரைச் சொல்லி, ஆண்டவரே, இந்தச் சகோதரி தான் பெறாமல் வளர்க்கிற பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல இவளுக்குத் தைரியம் தாரும் என்று ஜெபித்தேன். சபை ஆமென் என்றது. ஒவ்வொரு பெயருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், என்ன கேட்டோம் என்று புரிவதற்கு முன்னாலேயே இருநூறு பேரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு சலசலப்பு. தையல்காரம்மா எழுந்து முன்வரிசைப் பாய்க்கு வந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாகப் போனார், கைப்பை பெஞ்சிலேயே இருந்தது. நான் அடுத்த பெயருக்குப் போனேன். அன்று சாயங்காலம் மூப்பர்கள் கேட்டபோது கோட்டைக் கவனிக்கவில்லை, களைப்பு, கண் தவறிவிட்டது என்றேன். ஊருக்கும் அதுதான் தெரியும், அம்மாவுக்கும் அதுதான் தெரியும். மகளே, கண் தவறவில்லை. கோட்டைப் பார்த்தேன். இரண்டு வருடம் சொல்லியும் கேட்காத ஒரு மனுஷி இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நினைத்துத் தெரிந்தே சொன்னேன். ஜெபம் என்றால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் சபைக்கும் வரவில்லை, வேறு சபைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கும்போது அவர் தையல் மிஷின் ஓடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்பார்கள், நான் கேட்டதில்லை, இருபத்துநாலு வருடமாக அந்தத் தெரு வழியே நடந்ததில்லை. ரொட்டிக் கடையைச் சுற்றி சலவைக் கடை வழியாகப் போவேன், உடம்புக்கு நடை நல்லது என்பேன், அம்மாவும் நம்பினாள். சுருட்டை ஒரு வருடம் தன் அம்மா தைத்த எதையும் உடுத்தவில்லையாம், கடையில் வாங்கிய இரண்டு கவுனையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டாள். பதினெட்டு வயதில் படிக்க வெளியூர் போனவள் அங்கேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வருவாள், ஊரார் வாயை மூட வந்த விருந்தாளிபோல. என் பொண்ணு என் வீட்ல தண்ணி குடிக்கக்கூட கேட்டுட்டுத்தான் குடிக்கிறா என்று தையல்காரம்மா அம்மாவிடம் சொல்லி அழுதாராம். அம்மா மாதம் ஒருமுறையாவது அந்த மாடிக்கு ஏறிப் போவாள், ஒன்றும் இல்லையென்றால் தலையணை உறையாவது தைக்கக் கொடுப்பாள், அவர் வேணும்னு செய்யலம்மா, மறந்துட்டாரு என்று எனக்காகப் பேசிவிட்டு வருவாள். அதையும் நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நர்ஸ் வந்த விஷயத்துக்கு வருகிறேன். தையல்காரம்மாவுக்கு வயிற்றில் கட்டி, முற்றிப்போய்த்தான் தெரிந்தது, ஊசி போட எங்கள் கீழ் வீட்டு நர்ஸ் தினம் போய்க்கொண்டிருந்தாள். நான் பார்க்க வரலாமா என்று அவளிடம் இரண்டு தடவை கேட்டு அனுப்பியிருந்தேன், பதில் இல்லை. மூன்றாவது தடவைக்குத்தான் அன்று பதில் வந்தது. ஐயா வரணும்னா வரலாம், ஜெபம் மட்டும் பண்ணக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு வந்த கோபத்தை எழுதவே கூசுகிறது. ஒரு போதகனைப் பார்த்து இப்படியா என்று போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மூன்று நாள் அந்த வீறாப்பிலேயே போனது, நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். மிஷின் மேல் பழைய போர்வை போட்டு மூடியிருந்தது, அளவு நாடா ஆணியில் தொங்கியது, வெட்டி வைத்த பள்ளிச் சீருடைகள் ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய துண்டுக் காகிதம் குத்தியிருந்தது, தைக்க ஆள் இல்லை. அவர் ஜன்னலோரம் படுத்திருந்தார், கை குச்சியாக இருந்தது. முப்பத்தொரு வருடமாக நோயாளி அறைக்குள் போனால் ஜெபித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன், அது இல்லாமல் என்ன பேசுவது, எப்போது எழுந்திருப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் யாரோடும் உட்கார்ந்திருக்கவே இல்லை, ஜெபித்துவிட்டுக் கிளம்பத்தான் போயிருக்கிறேன் என்று அங்கே தோன்றியது.

அவரேதான் பேச்சை ஆரம்பித்தார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா, அன்னைக்கு மறந்துபோயா சொன்னீங்க என்றார். குரலில் கோபமே இல்லை, ஒரு விலாசம் விசாரிப்பதுபோல் கேட்டார். அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ எறும்பு இல்லை. செயலர் இல்லை, மூப்பர்கள் இல்லை, மலர் போடுகிறவர்கள் இல்லை, நான் ஆமாம் தெரிந்தேதான் சொன்னேன் என்றால் அது அந்தச் சுவரைத் தாண்டப் போவதில்லை. மறந்துதான்மா சொல்லிட்டேன், களைப்பு, கோடு கண்ணில படல என்றேன். அவர் என்னையே பார்த்தார். நானும் என் பொண்ணுகிட்ட அப்படித்தான் சொல்லிட்டு வரேன், ஐயா மறந்துட்டாருன்னு, அவ தலையை மட்டும் ஆட்டுவா என்றார். பிறகு, சரிங்க ஐயா, எனக்குத் தூக்கம் வருது, நீங்க கிளம்புங்க என்றார். அவராகவே என்னை எழுப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் செய்தி வந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள், நாற்பத்து மூன்று முறை விடுதலையைப் பற்றிப் பேசினவன், ஒரு சாகிற மனுஷி கதவைத் திறந்துவிட்டும் வெளியே வரத் தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டேன். இதை எழுதும்போதும் அழுகிறேன் மகளே. எழுத்து கலைந்திருந்தால் அதனால்தான்.

செய்தி வந்த அன்று மத்தியானம் அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன். கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்துநாலு வருஷம் உங்க பொய்யை என் தலையில தூக்கிட்டு அந்தப் படியேற வெச்சிருக்கீங்க என்றாள். அதோடு பேச்சு நின்றது. அவள் பேசாததற்கு அவளைக் குறை சொல்லாதே, சமாதானம் செய்யவும் வராதே.

அடக்க ஆராதனையைப் பக்கத்துச் சபைப் போதகர் நடத்தினார், சுருட்டை அப்படிக் கேட்டிருந்தாள். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் விட்டு அந்த மாடிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து அந்தச் சீருடைத் துணிகளைப் பெயர் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள், அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கணும், அம்மா யார் துணியையும் வெச்சுக்க மாட்டாங்க என்றாள். நின்றபடியே சொன்னேன், மறந்து சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னேன், உன் அம்மா கேட்டபோதும் பொய் சொன்னேன் என்றேன். அவள் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அது உன்னையும் சேர்ந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன், உண்மையாகவே அந்த முடிவோடுதான் போயிருந்தேன், என் பெயர் போனால் போகட்டும் என்று. அப்போதுதான் நிமிர்ந்தாள். என் கதையை இன்னொரு தடவை அந்த மைக்ல சொல்லாதீங்க ஐயா என்றாள். பாவ அறிக்கை செய்கிறேன் என்று கிளம்பியதிலும் மறுபடி அவளைக் கேட்காமல் அவள் கதையைத்தான் எடுத்திருக்கிறேன், இருபத்துநாலு வருடத்தில் ஒரு அடி நகரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்கும் கையை உயர்த்தி நிறுத்தினாள். மன்னிப்பெல்லாம் இப்போ கேக்காதீங்க, நீங்க கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும்னு ஆயிடும், எனக்கு இப்போ முடியாது என்றாள். சரிம்மா என்றேன். என் மகளுக்கு மட்டும் இதை எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்க என்றாள்.

இதற்குப் பிறகு தலைவர்களின் விடுதலையைப் பற்றி உனக்கு எழுத எனக்கு என்ன யோக்கியதை. ஆனாலும் கேட்டிருக்கிறாய், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பிரசங்கமாக எடுத்துக்கொள்ளாதே. நம்மைத் தடுக்க ஆள் இல்லை என்பதை விடுதலை என்று நினைத்துவிடுகிறோம். சபை எனக்குப் பயந்தது, மூப்பர்கள் எனக்குத் தலையாட்டினார்கள், நான் யாருக்கும் பயப்படாமல் உண்மை பேசுகிறவன் என்று எனக்குப் பெயர். ஒரு தையல்காரி என் பேச்சைக் கேட்கவில்லை என்பதை இரண்டு வருடம் தாங்க முடியாமல் துடித்தவன் சுதந்திரனா அடிமையா, நீயே சொல். சொத்தை விட மனசில்லாமல் துக்கத்தோடு திரும்பிப் போனானே ஒரு வாலிபன், ஆண்டவர் அவன் கையைப் பிடித்து இழுத்தாரா, கூட்டத்தைக் கூப்பிட்டு அவன் விஷயத்தைச் சொன்னாரா, அவன்மேல் அன்பு வைத்து அவனைப் போகவிட்டார். ஒருவர் நம் சொல்லைக் கேட்காமல் போனாலும் அவரைப் போகவிடுகிற பலம் உனக்கு இருந்தால் நீ விடுதலையானவள். இன்னொன்று, ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் காலைக் கழுவ முடிந்தது எதனால் என்று யோசித்தேன், காப்பாற்ற வேண்டிய கௌரவம் என்று அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். என்னிடம் நிறைய இருந்தது, அதைக் காப்பாற்றத்தான் அந்த அறையில் பொய் சொன்னேன். மூன்றாவதாக ஒன்று எழுத வருகிறது, வேண்டாம், இரண்டோடு நிறுத்துகிறேன்.

நான்கு மாதம் காத்திராமல் இந்த மாதத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று சபைக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். காரணம் எழுதவில்லை, எழுதக் கூடாதே. செயலர் அதை வாசித்துவிட்டு, பதவி ஆசையே இல்லாத மனுஷன் நம்ம ஐயா என்று பேசினார், பாதிச் சபை அழுதது, மலரில் இன்னும் எட்டுப் பக்கம் கூட்டப் போகிறார்களாம். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயர் கெட்டாலாவது மனசு ஆறும் என்று நினைத்தேன், அதுகூட எனக்குக் கிடைக்காது, புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவள் கதை அவளிடமே இருக்க வேண்டுமென்றால் இதுதான் விலை. பெயர் சொல்லி ஜெபிப்பதையும் நிறுத்திவிட்டேன், ஐயாவுக்கு முன்ன மாதிரி இல்ல, வயசாயிடுச்சு என்கிறார்கள். உன் பொறுப்பேற்பு நாளில் பேசும்போது என் பெயரை நல்லதற்கும் சொல்லாதே கெட்டதற்கும் சொல்லாதே, மலருக்கு எழுதுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். மற்றபடி குழந்தைக்குக் குளிர் காலம் வருகிறது, காதை மூடித் தொப்பி போடு, நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. சனிக்கிழமை அம்மாவுக்குப் போன் செய். என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்காதே, அவளாகக் கொடுத்தால் பேசுகிறேன். சுருட்டையோடு நீ எப்போதும்போல் இரு, என்னைப் பற்றி அவளிடம் எதுவும் விசாரிக்காதே.

எப்படித் தெரியும் என்று அன்று சுருட்டையைக் கேட்டேன். நாங்க சின்னப் பிள்ளைங்க ஐயா, ஜெபத்துல எங்க கண்ணை மூடியிருந்தோம், ஓரக்கண்ணால உங்களைத்தான் பாத்துட்டிருந்தோம் என்றாள். நீங்க எங்க அம்மா பேரைச் சொல்லிட்டு நிறுத்தினீங்க, கண்ணைத் திறந்து நேரா என்னைப் பாத்தீங்க, பாத்துட்டு மூடிக்கிட்டு மிச்சத்தைச் சொன்னீங்க, உங்க பொண்ணும்தான் பாத்தா, என் இன்னொரு கையை அவ விடவே இல்ல, கதவு வரைக்கும் வந்தா என்றாள். அந்தக் கோடு, அந்த ஆமென், பெஞ்சில் கிடந்த பை எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் கண்ணைத் திறந்தது மட்டும் ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த வருடத்திலிருந்துதான் நீ ஜெபத்தில் கண்ணை மூடுவதையே விட்டாய். போதகர் வீட்டுப் பிள்ளையே இப்படியா என்று சபைக்கு நடுவில் உன் தலையில் குட்டியிருக்கிறேன், வீட்டில் பிரம்பெடுத்தும் கேட்டிருக்கிறேன், ஏன் மூட மாட்டேன் என்கிறாய் என்று. நீ ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. அடுத்து நான் கண்ணைத் திறந்து யாரைப் பார்க்கப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாய், இல்லையா. பதினெட்டு வயதில் நீ வீட்டைவிட்டுப் படிக்கப் போகும்வரை ஏழு வருடம், ஒரு ஞாயிறு விடாமல், முன்வரிசையில் உட்கார்ந்து நீ என்னைக் காவல் காத்திருக்கிறாய்.

உன்னைப் பெற்றதற்குத் தகுதியில்லாத இந்தக் கையை உன் தலைமேல் வைக்கக் கூச்சமாக இருக்கிறது, வைக்காமலும் இருக்க முடியவில்லை. ஆண்டவர் உன்னையும் உன்னிடம் வருகிற ஒன்பது சபைகளையும், அங்கே உன் பேச்சைக் கேட்காமல் போகப் போகிறவர்களையும் காப்பாராக. இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வேண்டும் என்றில்லை.

குட்டிய கையாலேயே எழுதும்
உன் அப்பா